அளவு மாறும் கவசம்



செகந்திராபாத்துக்கு வடக்கே, கன்டோன்மென்ட் பகுதியின் கோடியில் போலாரம் என்றோர் ஊர் இருக்கிறது. குடியரசுத் தலைவர் தென்னாட்டுக்கு வரும்போது தங்கும் ராஷ்டிரபதி நிலையம் இவ்வூரில்தான் உள்ளது. பழைய சென்னை ராணுவத்தோடு வந்து இங்கேயே ஊன்றிவிட்ட தமிழ்க் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் ஒருபுறம், பிற்காலத்தில் உத்தியோகத்தை நாடி வந்தவர்கள் மறுபுறம் என, இந்த வட்டாரத்தில் தமிழ்ப் பேச்சு காதில் விழுவது அரிதன்று. ஊரை ஒட்டி ஓடும் ரயில் பாதை நிஜாம் காலத்தில் மீட்டர் பாதையாகப் போடப்பட்டுப் பின்னர் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. ஒரு முனையில் மன்மாடு. மறு முனையில் கர்நூல், டோன் வழியாகக் குண்டக்கல். இடையில் நிஜாமாபாத், மேட்சல், போலாரம். 2023 ஏப்ரல் முதல் நகர ரயில்களும் இவ்வழியே மேட்சல் வரை செல்கின்றன.

இப்பாதையைச் சற்று உற்றுப் பார்ப்போர், தண்டவாளங்களுக்கு நடுவே குறுக்குக் கட்டைகளின்மேல் சிறு தகடுகள் பதிக்கப்பட்டிருப்பதையும், நிலையங்களின் அருகே உயர்ந்த கம்பிக் கோபுரங்கள் எழுந்து நிற்பதையும் காணலாம். இவை 'கவச்' என்னும் ரயில் பாதுகாப்பு ஏற்பாட்டின் வெளி உறுப்புகள். உள் உறுப்போ கண்ணுக்குப் புலனாகாத மென்பொருள். செய்யவேண்டியது இன்னதென்று முழுதும் தெளிவாகாத நிலையிலும், தெளிந்ததும் ஆண்டுக்காண்டு மாறிவரும் நிலையிலும், ஒரு மென்பொருளைச் சோதிப்பது எங்ஙனம் என்பதே இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள். அதற்குக் கவச்சைப்போல் பொருத்தமான உதாரணம் நம் நாட்டில் வேறில்லை என்பது நமது எண்ணம்.

நாம் பொறியியல் பயின்றவரல்லோம். கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசின் காகிதங்களை மொழிபெயர்ப்பதில் காலம் கழிப்பவர்கள். ஆனால் இந்நகரத்தில் எந்தத் தமிழர் வீட்டுக்குச் சென்றாலும், மகனோ மருமகளோ மென்பொருட் சோதனை வேலையில் இருப்பதாகச் சொல்லக் கேட்கிறோம். "சோதிக்கிறான் என்றால் என்ன செய்கிறான்?" என்று பெற்றோரைக் கேட்டால், "பிறர் செய்ததில் பிழை பார்க்கிறான்" என்று விடை வரும். இவ்விடை தவறன்று, ஆயினும் பாதி விடைதான்.

பொற்கொல்லர் உரைகல்லில் பொன்னை உரைத்து மாற்றுக் காண்கிறார். பத்தரை மாற்றுப் பொன்னின் கோடு எப்படி இருக்குமென்பது அவருக்கு முன்பே தெரியும். கோட்டோடு கோட்டை ஒப்பிட்டுச் சொல்லிவிடுகிறார். மென்பொருட் சோதனையும் பாடப் புத்தகத்தில் இப்படித்தான் வருணிக்கப்படுகிறது. தேவை இன்னின்னதென்று ஒரு விவரக்குறிப்பு எழுதப்படும். செய்து முடித்த பொருள் அக்குறிப்போடு ஒத்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். நடைமுறையிலோ, உரைத்துப் பார்க்கப் பொன் வந்துவிடும். மாற்று எத்தனை என்பதைத்தான் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். சொன்னவரும் மறுமாதம் வந்து வேறு சொல்வார்.

இந்தச் சங்கடம் மொழிபெயர்ப்பாளருக்குப் புதிதன்று. 'பைவீக்லி' என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. வாரத்துக்கு இருமுறை என்றும் பொருள்படும். இரு வாரங்களுக்கு ஒருமுறை என்றும் பொருள்படும். ஆங்கிலத்தில் எழுதுபவர் இச்சொல்லைப் போட்டுவிட்டுக் கவலையின்றி அடுத்த வரிக்குப் போய்விடலாம். படிப்பவரும் தமக்குத் தோன்றிய பொருளைக் கொண்டு மேலே செல்வார். ஆனால் தமிழில் எழுதவேண்டியவன் அங்கே நின்றேயாகவேண்டும். இருபொருளையும் ஒருங்கே சுமக்கும் சொல் அவனிடம் இல்லை. ரயில்வேக் காகிதமாயின் வாரத்துக்கு இருமுறை என்பதே வழக்கு என்று அறிந்தவர் சொல்வர். வேறு துறையின் காகிதமாயின், எழுதிய துறைக்கே கேட்டெழுதவேண்டும். கேட்டெழுதினால் சில சமயம் விடைக்குப் பதிலாகத் திருத்திய சுற்றறிக்கையே வந்து சேரும்! ஒரு வாசகத்திலுள்ள மயக்கத்தை முதலில் கண்டுகொள்பவன், அதைப் படிப்பவன் அல்லன். அதைக்கொண்டு ஒரு காரியத்தை முடித்தாகவேண்டியவனே. மென்பொருட் பரிசோதகரும் அத்தகையவர். சோதனைக்குரிய விடை 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோதான் இருக்கவேண்டுமாதலால், மயக்கமான வாசகத்தின்மேல் அவரால் நடந்து போக இயலாது.

இனிக் கவச்சுக்கு வருவோம். இந்திச் சொல்லாயினும் நமக்குப் பொருள் சொல்லவேண்டுவதில்லை, நமது 'கவசம்'தான். கர்ணனுக்குக் கவசம் உடலோடு பிறந்தது. அளவெடுக்கும் தொல்லை இருந்திருக்காது. ரயிலுக்கோ அளவெடுத்துத் தைக்கவேண்டியிருக்கிறது. தைத்துக்கொண்டிருக்கும்போதே அளவும் மாறுகிறது.

ரயில்கள் ஒன்றோடொன்று மோதாமல் தடுக்கும் கருவியொன்றைச் செய்யும் முயற்சி கவச்சுக்கு முன்பே தொடங்கிவிட்டது. கொங்கண் ரயில்வேக் கழகம், பி. ராஜாராம் அவர்களின் முயற்சியால் மோதல் தடுப்புக் கருவியொன்றை உருவாக்கியது. அது வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயில் நிறுவப்பட்டு 2006-ல் இயக்கத்துக்கு வந்தது. வண்டி இருக்குமிடத்தை அறிய அது விண்கோள்களின் வழியே வரும் ஜி.பி.எஸ். குறிப்பை நம்பியது. பின்னர் அதே கருவி தென்னக ரயில்வேயின் மின்மயமான பலவழித் தடங்களில் சோதிக்கப்பட்டபோது சிக்கல்கள் வெளிப்பட்டன. இதில் வியப்பில்லை. ஒற்றைத் தடத்தில் எழாத ஒரு கேள்வி பல தடங்களில் எழுகிறது. எதிரே ஒரு வண்டி வருகிறது. அது நம் தடத்தில் வருகிறதா, பக்கத்துத் தடத்தில் வருகிறதா? இரு தடங்களுக்கும் இடையே சில அடி தூரமே உண்டு. பக்கத்துத் தடத்து வண்டிக்கு அஞ்சி ஒவ்வொரு முறையும் பிரேக் விழுமாயின் ரயில் ஓடினாற்போலத்தான். அரக்கோணத்திலிருந்து ஜோலார்பேட்டை வழியாகப் பயணம் செய்தவர்களுக்கு, எத்தனை வண்டிகள் நம் ஜன்னலை உராய்வதுபோல் எதிரே விரைகின்றன என்பது தெரியும்.

கவச்சின் விடை வேறு. தண்டவாளங்களுக்கு நடுவே கிலோமீட்டருக்கு ஒன்றாகவும், ஒவ்வொரு சிக்னலுக்கருகிலும், ஆர்.எஃப்.ஐ.டி. என்னும் அடையாளத் தகடுகள் பதிக்கப்படுகின்றன. இன்ஜின் அவற்றின்மேல் செல்லும்போது, 'நீ இருப்பது இத்தடம், இவ்விடம்' என்ற செய்தியைப் படித்துக்கொள்ளும். நிலையத்திலுள்ள கருவி, எந்தச் சிக்னல் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை ரேடியோ அலை மூலம் இன்ஜினுக்கு அறிவிக்கும். ஓட்டுநர் பிரேக் போடத் தவறினால் இன்ஜினிலுள்ள கருவி தானே பிரேக் போடும். மூடுபனியில் சிக்னல் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஓட்டுநர் அறையின் திரையில் அதன் நிறம் தெரியும். லெவல் கிராசிங்கை நெருங்கும்போது ஊதலும் தானே ஒலிக்கும்.

2012-ல் தாண்டூரின் அருகே இதன் முதல் முன்னோட்டம் நடைபெற்றது. 2016 பிப்ரவரியில் பயணி ரயில்களில் வைத்துச் சோதிக்கத் தொடங்கினர். லிங்கம்பள்ளி, விகாராபாத், வாடி, பீதர் ஆகிய ஊர்களை இணைக்கும் தடங்களே களமாயின. சுயேச்சையான பாதுகாப்பு மதிப்பீட்டாளரின் ஆய்வுக்குப் பின் 2018-19-ல் மூன்று நிறுவனங்களுக்கு ஒப்புதல் கிடைத்தது. மேதா, எச்.பி.எல்., கெர்னெக்ஸ் என்னும் இம்மூன்றும் ஹைதராபாத்தைச் சேர்ந்தவையே. 2020 ஜூலையில் கவச் தேசிய முறையாக ஏற்கப்பட்டது. பிறகு தென்மத்திய ரயில்வேயில் 1,465 கிலோமீட்டருக்கு அது விரிவாக்கப்பட்டது. அதில் 959 கிலோமீட்டர் மன்மாடு–குண்டக்கல் தடம். போலாரம் அதன்மேல் அமைந்ததே.

கதை இப்படிச் சொன்னால் நேர்ச்சாலையாகத் தோன்றும். நடுவில் நிகழ்வதைப் பார்த்தால்தான் பரிசோதகரின் பாடு விளங்கும்.

'சிவப்பு விளக்கு எரியுமிடத்தில் ரயில் நிற்கவேண்டும்' என்று விவரக்குறிப்பில் ஒரு வாசகம் எழுதப்பட்டிருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். இதனினும் தெளிவான வாசகம் உண்டோ என்று நாம் நினைப்போம். பரிசோதகர் நினைக்கமாட்டார். சிக்னலுக்கு எத்தனை மீட்டர் முன்பாக நிற்கவேண்டும்? வெகுதூரம் முன்பாகவே நின்றுவிட்டால் வண்டியின் வால் பின்னாலுள்ள சந்திப்பை அடைத்துக்கொண்டு நிற்குமே, அது பரவாயில்லையா? இலேசான பயணி வண்டியும், நிலக்கரி ஏற்றிய சரக்கு வண்டியும் ஒரே தூரத்தில் நிற்குமா? மழை பெய்து தண்டவாளம் வழுக்கினால்? பிரேக் விழுந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு மஞ்சளாக மாறினால், பிரேக்கை விடுவிப்பதா, முற்றும் நின்றபின் கிளம்புவதா? தகடு ஒன்று பழுதாகி, இன்ஜின் அதைப் படிக்காமல் கடந்துவிட்டால், தான் இருக்குமிடம் தெரியாது என்று எப்போது ஒப்புக்கொள்ளவேண்டும்: ஒரு தகடு தவறியபோதா, இரண்டு தவறியபோதா? ரேடியோச் செய்தி வரவில்லையெனில் எத்தனை வினாடி பொறுக்கலாம்?

ஐந்து சொற்களில் அடங்கிய வாசகத்தின் வயிற்றில் இத்தனை கேள்விகள். இவற்றுள் பலவற்றுக்கு எழுதியவரிடமும் விடை இருக்காது. அவர் அறியாமையால் அன்று. ஓட்டிப் பார்க்கும் வரையில் அக்கேள்வியே பிறப்பதில்லை.

இதற்கு மற்றொரு காரணமும் உண்டு. நம் ரயில்வேயின் பொது விதிகள் 1976-ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. அவற்றோடு ஒவ்வொரு மண்டலத்துக்கும் துணை விதிகள் தனியே இருக்கின்றன. ஒரு மண்டலத்தில் நிலைய அதிபரும் ஓட்டுநரும் கைப்பழக்கமாகச் செய்துவருவது மற்றொரு மண்டலத்தில் வேறு விதமாக நடக்கலாம். மனிதர்கள் இவ்வேற்றுமைகளைப் புன்னகையோடு சமாளித்துக்கொள்கிறார்கள். மென்பொருளுக்குப் புன்னகைக்கத் தெரியாது. எழுதப்படாத பழக்கங்களெல்லாம் ஒருநாள் எழுதப்பட்டாகவேண்டும். அவற்றை வெளிக்கொணர்வதில் அனுபவமிக்க ஓட்டுநர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது பேசியிருப்பது பல பக்கக் காகிதத்தைப் படிப்பதினும் பயன் தரும். நல்ல பரிசோதகர்கள் இதை அறிவர். மேலதிகாரிகளுள் இதை வீண்பொழுது என்று கருதுவோரும் உளர்.

அப்படியாயின், தேவை தெளியும் வரையில் சோதனையைத் தொடங்காமல் காத்திருக்கலாமா? காத்திருப்பவர்களும் உண்டு. 'விவரக்குறிப்பு முடிவாகட்டும், பிறகு சொல்லுங்கள்' என்று கோப்பை மூடிவைப்பது அலுவலகங்களில் நாம் காணாத காட்சியன்று. ஆனால் மேலே சொன்ன கேள்விகள் சோதனையைத் தொடங்கினாலன்றிப் பிறவாதவை. ஆகவே காத்திருந்தால் குறிப்பும் தெளியாது, வேலையும் நடவாது. பரிசோதகர் செய்யத்தக்கது வேறு. தெளிவில்லாத இடத்தில், 'இப்படித்தான் நடக்கவேண்டுமென்று இப்போதைக்குக் கொண்டுள்ளோம்' என்று தம் ஊகத்தை வெளிப்படையாக எழுதுகிறார். எழுதி, அதன்படி சோதனையை அமைத்து, விடையை உரியவர் முன் வைக்கிறார். 'நீங்கள் விரும்பியது இதுதானா?' என்று வெறுங்கையோடு கேட்டால் பெரிய மனிதர்கள் தலையசைத்துவிடுவார்கள். 'சரக்கு வண்டி சிக்னலுக்கு இத்தனை மீட்டர் முன்பாக நின்றது, இது சரியா?' என்று நடந்ததைக் காட்டிக் கேட்டால், அந்தக் கணத்தில்தான் தாம் விரும்பியது இன்னதென்று அவர்களுக்கே தெரியவருகிறது. சோதனை அங்கே பிழை காணும் கருவியாக மட்டும் இல்லை. தேவையை எழுதுவிக்கும் எழுதுகோலாகவும் ஆகிறது.

2022 மார்ச் 4-ஆம் நாள் செகந்திராபாத் பிரிவில் குல்லகூடா, சிட்கித்தா நிலையங்களுக்கிடையே நிகழ்ந்த செய்முறைக் காட்சியைச் செய்தித்தாள்களில் பலர் படித்திருப்பீர்கள். ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் ஓர் இன்ஜினில் ஏறியிருந்தார். எதிரெதிரே வந்த இரு இன்ஜின்களும் 380 மீட்டர் இடைவெளியில் தாமே நின்றன. 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்த இன்ஜின் லூப் லைனுக்குள் நுழையும்போது 30-க்குத் தானே குறைந்தது. மக்கள் கைதட்டியது மோதாமல் நின்றதற்கு. பரிசோதகருக்கோ அந்த 380 என்ற எண்ணில்தான் கண் நிற்கும். வேறொரு சரிவில், வேறொரு சுமையில் அந்த எண் என்னவாகும்? லூப் லைன் வேகம் எல்லா ஊரிலும் 30 தானா? சில இடங்களில் 15 என்றும் இருக்கிறதே. ஒருமுறை நடந்து காட்டியது என்பதற்கும், எப்போதும் நடக்கும் என்பதற்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடப்பதுதான் அவருடைய வேலை.

அந்தத் தூரம் எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கைச் சொல்லலாம். கவச் போன்ற கருவிகளுக்கு 'சில்-4' என்னும் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரம் கோரப்படுகிறது. ஆபத்தான பிழை ஒரு மணி நேரத்தில் நேர்வதற்குரிய வாய்ப்பு, பத்துக் கோடியில் ஒன்றுக்கும் குறைவாக இருக்கவேண்டும் என்பது அதன் கருத்து. பத்துக் கோடி மணி நேரம் என்பது ஏறக்குறைய 11,400 ஆண்டுகள். இதை ஓட்டிப் பார்த்து நிரூபிக்க எவராலும் இயலாது. ஆகவே மதிப்பீட்டாளர்கள், ஓட்டத்தை மட்டும் பாராமல், காகிதத்தையும் பார்க்கிறார்கள். தேவை வாசகம் ஒவ்வொன்றுக்கும் எந்தச் சோதனை, அச்சோதனையின் முடிவு என்ன, அம்முடிவு எந்தப் பதிப்புக்குரியது என்று நூல்பிடித்தாற்போல் தொடர்பு காட்டக் கேட்கிறார்கள். வாசகம் மாறினால் நூல் அறுகிறது. அறுந்த இடத்தை முடிபோட்டுக் காட்டினாலன்றி ஒப்புதல் இல்லை.

மூன்று நிறுவனங்கள் என்று சொன்னோமல்லவா? அதில் ஒரு நன்மை மறைந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தின் கருவி பொருத்திய இன்ஜின், மற்றொரு நிறுவனத்தின் கருவி அமைந்த நிலையத்தைக் கடந்து செல்லவேண்டும். இரண்டும் ஒரே மொழியில் பேசவேண்டும். மூவரும் படித்தது ஒரே விவரக்குறிப்பு. ஒரே மூலத்தை மூன்று மொழிபெயர்ப்பாளர்களிடம் தனித்தனியே கொடுத்துப் பாருங்கள். மூவரும் ஒத்து எழுதிய வரிகளைப்பற்றிப் பெரும்பாலும் கவலையில்லை. மூவரும் மூன்று விதமாக எழுதிய வரி எதுவோ, அங்கே குறை மொழிபெயர்ப்பாளரிடம் அன்று, மூலத்தில் இருக்கிறதென்று ஐயுறலாம். இரு நிறுவனக் கருவிகளைச் சேர்த்து வைத்துச் சோதிப்பதன் பெரும்பயன் இதுவே. தனித்தனியே சோதித்தபோது இரண்டும் தேறிவிடும். சேர்த்து வைத்தபோதுதான் விவரக்குறிப்பு தேறவில்லை என்பது தெரியும்.

தேவை தெளிவில்லாமை ஒரு நோய் என்றால், தேவை மாறுதல் மற்றொன்று. முன்னதைக் காட்டிலும் பின்னது கொடிது என்போம். ஏனெனில் அது வந்ததே தெரியாமல் வரும். இதை ரயிலைக்கொண்டே நாடு கற்றுக்கொள்ள நேர்ந்தது. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, ஷாலிமாரிலிருந்து சென்னை நோக்கி வந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஒடிசாவின் பாலேசுவரம் மாவட்டத்தில் பஹாநாகா பஜார் நிலையத்தில், நேர்த்தடத்துக்குரிய பச்சை விளக்கைக் கண்டு விரைந்தது. பாதையோ லூப் லைனுக்குத் திருப்பப்பட்டிருந்தது. அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதிச் சிதறிய பெட்டிகள் பெங்களூர்–ஹௌரா வண்டியின்மேலும் விழுந்தன. 290-க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். கல்கத்தாவில் வாழும் தமிழர் எத்தனை பேர் அந்த வண்டியை நம் ஊர் வண்டி என்று உரிமையோடு சொல்வார்கள் என்பதை நேயர்கள் அறிவீர்கள்.

அத்தடத்தில் கவச் இல்லை. ஆனால் நமது பொருளுக்கு முக்கியமானது வேறு. அவ்வாண்டு ஜூலையில் நாடாளுமன்றத்தில் ரயில்வே அமைச்சகம் அளித்த விடையின்படி, அந்நிலையத்தின் வடபுற சிக்னல் கொட்டகையில் முன்பு எப்போதோ மின்சுற்றை மாற்றியபோதும், பின்னர் 94-ஆம் எண் லெவல் கிராசிங்கின் தடுப்புக் கம்பத்தை மாற்றும் வேலையின்போதும் நேர்ந்த குறைகளே காரணம். கேட்டை மாற்றத்தான் வந்தார்கள். மாறியதோ சிக்னல். மாற்றம் சிறியதாயிருப்பது அதன் விளைவும் சிறியதாயிருக்கும் என்பதற்கு ஈடன்று. கவச்சும் சிக்னல் செய்தியை நிலையத்தின் இன்டர்லாக்கிங் என்னும் பூட்டிணைப்பிலிருந்தே பெறுகிறது. கீழே இருப்பது பொய் சொன்னால் மேலே இருப்பதும் அப்பொய்யை நம்பித்தான் தொடங்கும். ஆகவே ஒரு மாற்றம் வந்தவுடன் பரிசோதகர் முதலில் கேட்பது, 'எதை மாற்றினீர்கள்?' என்பதன்று; 'எதையெல்லாம் மாற்றவில்லை என்று நம்புகிறீர்கள்?' என்பதே. மாறாதென்று நம்பப்படுவதையும் மீண்டும் சோதிப்பது செலவு, நாளும் பிடிக்கும். அதைத் தவிர்க்கச் சொல்லும் குரல் எந்த அலுவலகத்திலும் ஒன்று இருந்தே தீரும்.

கவச்சில் மாற்றங்கள் எவ்வாறு கையாளப்பட்டன? பதிப்பு எண் என்னும் எளிய ஏற்பாட்டினால். லக்னோவிலுள்ள ஆராய்ச்சி, வடிவமைப்பு, தர நிர்ணய அமைப்பே விவரக்குறிப்பை வெளியிடுகிறது. தென்மத்திய ரயில்வேயில் பரவியது 3.2-ஆம் பதிப்பு. அத்தடங்களில் ஓடிப் பெற்ற அனுபவம், பிற மண்டலங்களின் மலை, காடு, பாலை, கடற்கரை ஆகியவற்றின் தேவை எல்லாம் சேர்ந்து 2024 ஜூலை 16-ல் 4.0-ஆம் பதிப்பு ஒப்புதல் பெற்றது. வண்டி இருக்குமிடத்தை இன்னும் துல்லியமாக அறிதல், பெரிய யார்டுகளில் சிக்னல் செய்தியைச் செம்மையாகத் தருதல், நிலையத்துக்கு நிலையம் ஒளியிழைக் கம்பி வழியே பேசுதல், மின்னணு இன்டர்லாக்கிங்கோடு நேரே இணைதல் ஆகியவை அதன் முக்கியப் புதுமைகள். இந்நான்கும் 2012-ல் தாண்டூர் அருகே ஓடிய இன்ஜினிடம் கேட்கப்படாதவை. பாம்பே, கல்கத்தா, சென்னை போன்ற பெருநகர யார்டுகளின் தண்டவாளச் சிக்கலைக் கண்ணால் கண்டவர்கள், 'பெரிய யார்டு' என்ற இரு சொற்களுக்குள் எத்தனை சோதனைகள் அடங்கியிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

பதிப்பு எண் என்பது வெறும் இலக்கமன்று. 'இந்த நாள் வரையில் முடிவானது இது; இதற்குமேல் வரும் கோரிக்கை அடுத்த எண்ணுக்கு' என்று போடப்படும் வரம்பு அது. வயலில் வரப்பு இருந்தால்தான் நீர் நிற்கும். மாற்றத்தை மறுப்பதற்கன்று அந்த வரம்பு. சோதிக்கும் அந்தச் சில மாதங்களாவது காலுக்கடியில் நிலம் அசையாதிருப்பதற்கு. எண்ணைக் கேட்காமல் 'கவச் சோதிக்கப்பட்டதா?' என்று கேட்பது பொருளற்றது. எந்தக் கவச்? எந்தப் பதிப்பு? எந்த நிலையத்தில்?

இவ்வளவு பொறுமை நியாயமா என்று கேட்பவரும் உளர். 2012-க்கும் 2024-க்கும் இடையே பன்னிரண்டு ஆண்டுகள். நாட்டின் ரயில் தடம் 68,000 கிலோமீட்டருக்கு மேல். 2024 நடுவில் அதில் கவச் போர்த்தியது 1,465. இடையில் பஹாநாகாவும் நேர்ந்துவிட்டது. தாமதம் முழுவதையும் சோதனையின் தலையில் ஏற்றுவதை நாம் ஏற்கமாட்டோம். பணம், கோபுரம், கம்பி, பயிற்சி பெற்ற ஆள் என்று தாமதத்துக்கு உறவினர் பலர். செகந்திராபாத்தில் 1957 முதல் இயங்கிவரும் சிக்னல் பொறியியல், தொலைத்தொடர்புப் பயிற்சி நிறுவனத்தில் இதற்கென ஆட்கள் பழக்கப்படுகிறார்கள். ஆளைப் பழக்குவதும் ஒரு நாளில் ஆகக்கூடியதன்று. எனினும், தேவையைத் தெளிவாக்குவதில் தொடக்கத்தில் செலவிடாத காலம் பிற்பாடு வட்டியோடு வசூலிக்கப்படுகிறது என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. பெரிய யார்டுகளின் ஓட்டுநர்களையும் நிலைய அதிபர்களையும் முதல் ஆண்டுகளிலேயே உட்காரவைத்துக் கேட்டிருந்தால், 4.0-இல் எழுதப்பட்டவற்றுள் சில முன்னரே எழுதப்பட்டிருக்கக்கூடும் என்பது நமது அபிப்பிராயம். பொறியியலார் மறுப்பாராயின் அவர்தம் காரணத்தைக் கேட்க நாம் ஆயத்தமே.

4.0-ஆம் பதிப்பு 2025 ஜூலையில் டில்லி–பம்பாய் மார்க்கத்தின் மதுரா–கோட்டாப் பகுதியில் இயக்கத்துக்கு வந்தது. போலாரத்துத் தடத்தில் முதலில் பதிக்கப்பட்டதோ பழைய பதிப்பு. இன்ஜின் ஓர் ஊரில் கட்டிப்போட்ட மாடன்று. இன்று கோட்டாவில் இருப்பது ஒருநாள் மன்மாடு வழியாக நிஜாமாபாத்தைத் தாண்டி இங்கும் வரலாம். புதிய பதிப்பைச் சுமந்துவரும் அவ்வின்ஜின், பழைய பதிப்பில் பேசும் நிலையமொன்றின் எல்லைக்குள் நுழையும் கணத்தில், எந்தப் பதிப்பின் இலக்கணப்படி அதற்கு விடை சொல்லவேண்டும்? பேச்சு ஒருகால் புரியாமற்போனால் எத்தனை வினாடிக்குள் ஓட்டுநருக்கு அறிவிக்கவேண்டும்? மேட்சலுக்கும் போலாரத்துக்கும் இடையே நகர ரயிலொன்று பக்கத்துத் தடத்தில் நின்றுகொண்டிருக்கும்போது இதை ஓட்டிப் பார்க்கவேண்டுமா, வெறுந்தடத்தில் ஓட்டிப் பார்த்தால் போதுமா? பரிசோதகரின் குறிப்பேட்டில் 4.0 என்று தலைப்பிட்ட பக்கத்தில் இக்கேள்விகளுக்கும் இடம் இருக்கவேண்டும்.